வீட்டில் யாராவது ஒருத்தர்

எங்கள் தெருவில் மகாராணி என்று ஒருத்தி இருக்கிறாள். பெயர்தான் மகாராணி. விடிவதற்கு முன்னால் வருகிற ஜீப்பில், பின்சக்கரத்துக்கு மேலே, இன்னொருத்தி மடியில் பாதியும் தூக்குச்சட்டி மேல் பாதியுமாக ஒண்டிக்கொள்ள இடம் கிடைத்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குப் பட்டாபிஷேகம். இதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிக் கேலி செய்திருக்கிறேன். "ஆமா டீச்சரு, ஒங்களுக்கு நக்கலு" என்று முன்பல் ஒன்று இல்லாத வாயோடு சிரிப்பாள். கோபப்படத் தெரியாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். கோபப்பட நேரம் இல்லாதவள்.

நான் சந்திரவல்லி. ராசிங்காபுரத்தில் அங்கன்வாடி டீச்சர். மகாராணிக்கு எதிர்வீடு. அவளுடைய சின்னவன் மனோஜ் என் சென்டரில்தான் இருக்கிறான். பெரியவள் சிவரஞ்சனி ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். புருஷன் பால்பாண்டி ஒரு முதலாளியிடம் பிக்கப் வண்டி ஓட்டுகிறான். மேலே போகும்போது உரம், கீழே வரும்போது ஏலக்காய் மூட்டை.

மகாராணி பிறந்தது சாந்தன்பாறைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்து லயத்தில், கூலியாட்களுக்குக் கட்டிய வரிசைவீட்டில். அப்பன், ஆத்தா இரண்டு பேருக்கும் தோட்ட வேலை. இவளும் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தோட்டத்துக்குள் இறங்கினாள். கல்யாணமாகி ரஞ்சனி பிறந்த பிறகு, பிள்ளைகளாவது ஒரே இடத்தில் இருந்து ஒழுங்காகப் படிக்கட்டும் என்று அடம்பிடித்துப் புருஷனை ராசிங்காபுரத்துக்கு இறக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் கீழே வந்தார்கள். வேலை மேலேயே இருந்துவிட்டது. அதனால் பிள்ளைகளுக்காக இறங்கியவள், பிள்ளைகளுக்காகவே தினமும் போடிமெட்டு மலை ஏறினாள்.

தினமும் என்று சொன்னேனே, அது தப்பு. தினமும் என்றிருந்தால் இந்தக் கதையே கிடையாது. என்றைக்கு வேலை, என்றைக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியாது. மேலே கங்காணி இருட்டோடு போன் பண்ணுவான். "பணி உண்டு, வா" என்பான். அவ்வளவுதான் பேச்சு. சில நாள் மலையடிவாரத்து முந்தல் வரைக்கும் போன ஜீப் மழைக்குப் பயந்து திரும்பி வந்துவிடும். அவளும் நனைந்த சேலையோடு வந்து சோற்றுச் சட்டியைத் திறப்பாள். சில நாள் காய் எடுத்து முடிந்ததும், காயைக் கழுவி ஸ்டோரில் உலரப் போட ஆள் வேண்டும், இருந்துவிட்டுப் போ என்பார்கள். இருக்க முடியாது என்று சொல்லலாம். யாரும் கட்டிப்போட மாட்டார்கள். அடுத்த தடவை காய் எடுக்கும்போது அவள் போன் மட்டும் அடிக்காது.

பால்பாண்டி பாடும் அதுதான். சாப்பாட்டில் கை வைத்திருப்பான், முதலாளி கூப்பிடுவான். லோடு இருக்கிறது என்று மேலே பூப்பாறை வரைக்கும் போனால் அங்கே மூட்டை கட்டியிருக்க மாட்டார்கள். வண்டியிலேயே படுத்துக்கிடப்பான். காலையில் வருகிறேன் என்றவன் மறுநாள் சாயங்காலம் வருவான். அவனைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

எங்களுக்கு வருஷா வருஷம் பயிற்சி வைப்பார்கள். குழந்தைக்கு நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், வீட்டுக்குள் ஒரு ஒழுங்கு வேண்டும் என்று ஒரு அம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு அழகாகப் பேசுவார். எனக்கு எழுந்து நின்று கேட்கத் தோன்றும். அம்மா, இதைப் பெற்றவளிடம் ஏன் சொல்கிறீர்கள், கங்காணிக்குச் சொல்லுங்களேன். நான் கேட்டதில்லை. தட்டு வடையைத் தின்றுவிட்டு வந்துவிடுவேன்.

அந்தப் பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தெருவில் ஜீப் ஹார்ன் கேட்டால் மனோஜ் விளையாட்டை விட்டுவிட்டு என் சேலையைப் பிடித்துக்கொள்வான். ரஞ்சனி வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறாள் என்று அவளுடைய வாத்தியார் என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார். தூங்காமல் என்ன செய்வாள்? போனை நெஞ்சுமேல் வைத்துக்கொண்டு படுக்கிற பிள்ளை அது. யார் எப்போது கூப்பிடுவார்கள், யார் எப்போது கதவைத் தட்டுவார்கள் என்று தெரியாது. சோறு வடிப்பாள், தம்பிக்குக் குண்டி கழுவிவிடுவாள், தலைசீவிப் பொட்டு வைத்து அவனைச் சென்டருக்குக் கூட்டிவருவாள். ஊரே மெச்சியது. "பத்து வயசுக்கு எம்புட்டுப் பொறுப்பு பாரு" என்றார்கள். எனக்கு அந்தப் பொறுப்பு பிடிக்கவில்லை. விளையாடப் போக வேண்டிய பிள்ளை, வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, மேலே மழை இறங்குகிறதா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

பிள்ளைகள் தனியாக இருப்பது வெளியாருக்குத் தெரியக்கூடாது என்று மகாராணி ஒன்று சொல்லிக்கொடுத்திருந்தாள். யார் தட்டினாலும் கதவைத் திறக்காதே, அம்மா குளிக்கிறது என்று உள்ளே இருந்தே சொல். கேஸ்காரன் வந்தால் அம்மா குளிக்கிறது. ஓட்டுக் கேட்டு வந்தாலும் அம்மா குளிக்கிறது. மேட்டூர் அணையையே தெருவுக்குக் கொண்டுவந்தாலும் அத்தனை குளியல் குளிக்க முடியாது என்று நான் மகாராணியைக் கிண்டல் பண்ணினேன். அவள் அதற்கும் சிரித்தாள்.

புரட்டாசி முடியும்போது ஒரு நாள் குழாயடியில் அவளே என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள்.

"டீச்சரு, அவரு இப்பல்லாம் ரொம்பப் பொறுப்பாயிட்டாரு. நான் மேல இருந்து எப்பப் போன் போட்டாலும் அப்பா வீட்டுலதான் இருக்காருன்னு ரஞ்சனி சொல்லுது. எனக்கு நெஞ்சுல பாரமே இல்ல."

"தெருவுல வண்டியக் காணோமே மகாராணி?"

"மொதலாளி செட்டுல விட்டுட்டு வந்திருப்பாரு. நான் வர்றதுக்குச் சித்த முன்னாலதான் லோடுக்குக் கெளம்புறாராம், ரஞ்சனி சொல்லுது."

இருக்கலாம் என்று நினைத்தேன். அவள் முகம் அன்றைக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வேகமாகப் போனாள்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மலை இருக்கிற திசையே தெரியவில்லை. பகலிலும் அந்தப் பக்கம் கறுப்பாகக் கிடந்தது. மனோஜுக்கு மழை என்றால் ஆகாது. இரண்டு வயதிலிருந்தே வீசிங். சளி பிடித்தால் மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். உடனே போடி பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய் மூக்கில் மாஸ்க் மாட்டிப் புகை வைத்தால் அடங்கும். தாமதம் பண்ணாதீர்கள், இந்தப் பையனுக்கு அது ஒன்றுதான் முக்கியம் என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் அனுப்புவார்.

அன்றைக்குக் கலெக்டர் பள்ளிக்கூடங்களுக்கு மழை லீவு விட்டிருந்தார். மனோஜுக்கு முந்தின நாளே மூக்கு ஒழுக ஆரம்பித்திருந்தது. மகாராணி வேலைக்குப் போவதில்லை என்றுதான் படுத்திருந்தாள். ஆனால் மேலே மழை கொஞ்சம் விட்டிருக்கிறது. காய் பழுத்து வெடிக்கிற நிலை. கங்காணி கூப்பிட்டுவிட்டான். பால்பாண்டி பக்கத்தில்தான் படுத்திருந்தான்.

"நீ போ. எனக்கு இன்னைக்கு லோடு இல்ல. நான் பாத்துக்கிறேன்" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவனுக்கு லோடு இல்லை. மகாராணி நிம்மதியாக ஜீப்பில் ஏறினாள். பொழுது ஏறுகிற நேரத்தில் முதலாளி போன் வந்தது. மழை வலுத்து ரோடு அடைபடுவதற்குள் பூப்பாறையிலிருந்து மூட்டைகளை இறக்கிவிடு என்று. மனோஜ் அப்போது தூங்கிக்கொண்டிருந்தான். மூச்சில் லேசாகச் சத்தம், அவ்வளவுதான். மழைக்கு வேலை நின்று எப்படியும் மகாராணி மத்தியானமே வந்துவிடுவாள் என்று பால்பாண்டி கணக்குப் போட்டான். "அம்மா வந்துரும்த்தா, அதுக்குள்ள நானும் வந்துர்றேன்" என்று ரஞ்சனியிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

மழை லீவு பிள்ளைகளுக்குத்தான், எங்களுக்கு இல்லை. நான் அன்றைக்குப் போடியில் ஒரு மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தேன்.

மேலே நடந்ததை மகாராணி பிறகு என்னிடம் சொன்னாள். மத்தியானம் காய் எடுப்பு முடிந்துவிட்டது. ஒரு ஜீப் கீழே போகிறது, போகிறவர்கள் போகலாம், ஆனால் ஸ்டோருக்கு ஆள் வேண்டும் என்றான் கங்காணி. மகாராணி டவர் கிடைக்கிற பாறை வரைக்கும் ஏறிப்போய் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அப்பா இருக்காரா?"

"இருக்காரும்மா."

"தம்பிக்கு எப்படி இருக்கு?"

"தூங்குறான்."

அந்த ஜீப்பை அவள் விட்டுவிட்டாள். ஸ்டோருக்குள் போய்க் காய் கழுவ உட்கார்ந்தாள்.

பூப்பாறையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த பால்பாண்டியும் போன் போட்டான். இன்னொரு தோட்டத்திலும் கொஞ்சம் மூட்டை இருக்கிறது, அதையும் ஏற்றிக்கொண்டு வருவதா, உடனே வருவதா என்று அவனுக்கு யோசனை.

"அம்மா வந்துருச்சா?"

"வந்துருச்சுப்பா."

"குடு அதுட்ட."

"குளிக்குதுப்பா."

அவன் இரண்டாவது தோட்டத்துக்கு வண்டியைத் திருப்பினான்.

மழை மறுபடியும் கொட்டியது. ஸ்டோர் வேலையைப் பாதியில் நிறுத்தி எல்லோரையும் ஜீப்பில் ஏற்றி அனுப்பினார்கள். போடிமெட்டு தாண்டி இரண்டு வளைவு இறங்கியதும் ஜீப் நின்றுவிட்டது. முன்னால் வரிசையாக வண்டிகள். மண் சரிந்து ரோட்டை மூடியிருக்கிறது என்றார்கள். எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. மகாராணிக்கு அப்போதும் பயமில்லை. வீட்டில் ஆள் இருக்கிறதே. கால் மரத்துப்போனதால் இறங்கி, வண்டிகளின் ஓரமாக நடந்தாள். நாலைந்து வண்டி தள்ளி, தார்ப்பாய் போர்த்திய பிக்கப் ஒன்று நின்றது. அதன் கதவில் சாய்ந்துகொண்டு பால்பாண்டி பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நின்றார்களாம்.

"நீ எப்பிடி இங்க?" என்று அவன்தான் முதலில் கேட்டான்.

"நீங்க வீட்டுல இருக்கீகன்னுல்ல ரஞ்சனி சொல்லுச்சு."

"நீ வந்துட்டேன்னு எங்கிட்டச் சொல்லுச்சே. குளிக்குதுன்னு சொல்லுச்சே."

அவன் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். மணி முழுதாக அடிப்பதற்குள் ரஞ்சனி எடுத்தாள்.

"அம்மா என்னத்தா செய்யுது?"

"தம்பிக்கு மருந்து ஊத்திக்கிட்டு இருக்குப்பா. நீங்க சோலியப் பாருங்க. இங்க ஒண்ணுமில்ல."

குரலில் ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை என்று மகாராணி சொன்னாள். பக்கத்தில் நின்று தன்னைப் பற்றித் தன் மகள் சொன்னதைக் கேட்டபோது, தான் செத்துப்போய் வேறு யாரோ தன் வீட்டில் இருப்பதுபோல இருந்தது என்றாள். பால்பாண்டி அந்தப் போனை வைத்துவிட்டு எனக்குப் போட்டான்.

"டீச்சர், நாங்க ரெண்டு பேருமே போடிமெட்டுல மாட்டிக்கிட்டோம், வீட்டுல யாருமே இல்ல டீச்சர். வெரசாப் போயி பிள்ளையப் பாருங்க."

நான் அப்போதுதான் பஸ்சிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்து ஈரச்சேலையை மாற்றிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினேன்.

"யாரு?"

"டீச்சர்த்தா. கதவத் தொற."

"அம்மா குளிக்குது டீச்சர்."

"ஒங்கம்மா போடிமெட்டுல நிக்கிது. ஒங்கப்பாவும் அங்கதான் நிக்கிறாரு. ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கிறாங்க, ஒங்கப்பாதான் எங்கிட்டப் பேசுனாரு. தொற."

கதவு திறக்கவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. கதவை உடைத்துவிடலாமா என்று பார்த்தேன். பிறகு தாழ் விலகுகிற சத்தம் கேட்டது.

அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருந்தது. தம்பியைத் தலையணைகளை அடுக்கிச் சாய்த்து வைத்திருந்தாள். நெஞ்சில் தைலம் தேய்த்திருந்தாள். வெந்நீர் போட்டு ஆவி பிடிக்க வைத்திருந்தாள். மழைச் சாரல் வராமல் ஜன்னலில் அம்மாவின் சேலையைக் கட்டியிருந்தாள். பெரிய மனுஷிகூட அதற்கு மேல் செய்திருக்க மாட்டாள், ஒன்றைத் தவிர. பெரிய மனுஷியாக இருந்தால் யாரையாவது கூப்பிட்டிருப்பாள்.

"காலைல இருந்து இழுத்துக்கிட்டே இருந்துச்சு டீச்சர். இப்ப சத்தம் நின்னுருச்சு. சரியாயிருச்சு" என்றாள்.

நான் அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே ஒட்டிப்போய் வந்தது. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. கண் பாதி திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. சத்தம் நின்றது சரியாகிவிட்டதால் அல்ல. சத்தம் போடுவதற்குக்கூட உள்ளே காற்றுப் போகவில்லை. அவனை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு மழைக்குள் ஓடினேன். ஆட்டோ வைத்திருக்கிற ஜக்கையன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எச்சில் கையோடு எழுந்து வந்து வண்டியை எடுத்தான். ரஞ்சனி வீட்டைப் பூட்டிச் சாவியைப் பாவாடை முடிச்சில் சொருகிக்கொண்டு வந்து ஏறினாள். அந்த நேரத்திலும் அவள் பூட்டை இழுத்துப் பார்த்ததை நான் கவனித்தேன்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை வாங்கியவுடன் நாலு பேர் சுற்றிக்கொண்டார்கள். மாஸ்க் மாட்டினார்கள், கையில் ஊசி குத்தினார்கள். டாக்டர் எங்கள் பக்கம் திரும்பி, எப்போதிருந்து இப்படி இருக்கிறான் என்று கேட்டார்.

"இப்பத்தான் சார்" என்றாள் ரஞ்சனி.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாயில் அதுதான் இருந்தது. நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கி, காலையிலிருந்து சார், சத்தம் நின்றே ரொம்ப நேரமாகிவிட்டது என்றேன். டாக்டர் நர்சிடம் வேறு மருந்து எடுத்துவரச் சொன்னார். திரைக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் எங்களை உட்காரச் சொன்னார்கள். ரஞ்சனி என் மேல் படாமல், பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்தாள். உள்ளே நர்ஸ் மனோஜின் பெயரைச் சொல்லித் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவன் பதில் சொல்கிற சத்தம் வரவில்லை.

கடவுள் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தப் பெஞ்சில் இருந்து கும்பிட்டேன். அவனைக் காப்பாற்று என்று கும்பிட்டேன். அதைவிட, இந்தப் பெண்ணைக் காப்பாற்று என்று கும்பிட்டேன். உள்ளே அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவள் அதற்குப் பிறகு எத்தனை வருஷம் இருந்தும் என்ன?

மகாராணியும் பால்பாண்டியும் வண்டியை, லோடை, எல்லாவற்றையும் ரோட்டிலேயே போட்டுவிட்டு, சரிந்த மண்ணின் மேல் ஏறி நடந்திருக்கிறார்கள். போலீஸ் தடுத்தும் கேட்கவில்லை. இடுப்பு வரை புதைந்து ஒருத்தரை ஒருத்தர் இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கி, திரும்பிப் போன ஏதோ ஒரு காரில் கெஞ்சி ஏறி, பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டார்கள். வார்டு வாசலில் நின்றபோது இரண்டு பேருக்கும் அடையாளமே இல்லை. தலையெல்லாம் மண்.

நல்லவேளை, அவர்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மனோஜ் அழுதான். மாஸ்க்குக்குள்ளிருந்து வந்த அந்த அழுகையைக் கேட்டதும் நானும் அழுதுவிட்டேன். டாக்டர் வெளியே வந்து, தப்பித்துவிட்டான், ராத்திரி முழுக்க இங்கேயே இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பேசுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது என்றார்.

மகாராணி மகனைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து ரஞ்சனியின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்த்தா பொய் சொன்ன? வெளியாளுக்குச் சொல்லத்தானே அத ஒனக்குச் சொல்லிக்குடுத்தேன். எங்ககிட்ட எதுக்குத்தா சொன்ன?"

ரஞ்சனி யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"கோடை லீவுல ஒருக்கா, அம்மா இன்னும் வரலன்னு அப்பாட்ட நெசத்தச் சொன்னேன். அப்பா லோட விட்டுட்டுப் பாதியில வந்துட்டாரு. மொதலாளி கொஞ்ச நாளைக்கு வண்டியப் புடுங்கிக்கிட்டாரு. அந்தக் கோவத்துல அப்பா ஒன்ன அடிச்சாரு. நீ செவுத்துல போயி விழுந்த. தம்பி பயந்து மூச்சு இழுத்துருச்சு. அதுக்கப்புறம் நான் நெசம் சொல்லல. ஒருத்தர் இருக்காங்கன்னு சொன்னா ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசுறீங்க."

மகாராணி பல் ஒன்று இல்லாமல் சிரிக்கிறாளே, அந்தப் பல் கோடையிலிருந்துதான் இல்லை. படியில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று அவள் சொன்னதை நானும் நம்பியிருந்தேன். பால்பாண்டி சுவரோடு சுவராகச் சாய்ந்து நின்றான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கப் பிடிக்கவில்லை.

ரஞ்சனி அப்போதுதான் தலையைத் தூக்கி அவர்கள் இருவரையும், அவர்கள் உடம்பெல்லாம் அப்பியிருந்த மண்ணையும் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் சோலியப் பாதியில விட்டுட்டு வந்துட்டீங்களே. இப்ப வீட்டுக்குப் போயி சண்ட வருமா?"

"வராதுத்தா" என்றான் பால்பாண்டி. "சத்தியமா வராது."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பெரியவர்கள் சொன்னால் பிள்ளைகள் ஆட்டுகிற மாதிரிதான் ஆட்டினாள். ஆனால் அவள் அதை நம்பவில்லை. இந்த ஐந்தாறு மாதமாக அவள் சொன்ன பொய்களை அவர்கள் நம்பியதில் பாதிகூட அவள் நம்பவில்லை. எழுந்து போய்த் திரையை விலக்கி, அம்மாவுக்கும் தம்பிக்கும் நடுவில் கட்டிலை ஒட்டி நின்றுகொண்டாள். அப்பா பக்கம் இருந்த கண்ணை அவள் எடுக்கவே இல்லை.